சிவப்பு வயர் போன வழி

யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியில் பிறந்து, கணவன் துரைராசாவின் வங்கி வேலையோடு மலையகத்து ஹட்டனுக்கு வந்து சேர்ந்தவள் ஜெகதீஸ்வரி. தேயிலைத் தோட்டப் பாடசாலைகளுக்குப் போய், அங்குள்ள ஆசிரியர்களுக்குக் கணிதம் கற்பிக்கும் முறைகளைச் சொல்லிக்கொடுப்பது அவள் உத்தியோகம். பஸ்ஸை நம்பினால் ஒரு பள்ளிக்கூடத்தோடு பொழுது போய்விடும். அதனால் நாற்பது வயதில் லைசன்ஸ் எடுத்து, கந்தப்பளையில் தோட்டக் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற செல்லசாமியிடம் பழைய மொரிஸ் மைனர் கார் ஒன்றை வாங்கினாள். பெற்றோல் அடிப்பாள், ஓட்டுவாள். பொனட்டைத் திறந்து பார்த்ததேயில்லை. அதெல்லாம் கராஜ்காரன் வேலை என்று இருந்துவிட்டாள்.

வடக்கில் யுத்தம் நடந்துகொண்டிருந்த தொண்ணூற்றேழாம் ஆண்டு, நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போகும்போது வீதித் தடையில் மறித்தார்கள். அணைக்கட்டுப் பக்கம் என்பதால் அந்தப் பாதையில் கெடுபிடி கூடுதல். சார்ஜன்ட் அடையாள அட்டையை வாங்கிப் பிறந்த இடத்தை வாசித்தான். மறுபடியும் வாசித்தான். பிறகு பொனட்டைத் திறக்கச் சொன்னான். அதை எங்கே பிடித்துத் தூக்குவதென்று அவளுக்குத் தெரியவில்லை. அவனே திறந்தான்.

பெட்டரியிலிருந்து தடித்த சிவப்பு வயர் ஒன்று தனியாகக் கிளம்பி, தகரத்தில் இருந்த துளை வழியாகக் காருக்குள் போனது.

“இது எங்கே போகிறது?” என்று சிங்களத்தில் கேட்டான்.

“தெரியாது.”

“உன்னுடைய வாகனம்தானே?”

“ஓம்.”

“உன்னுடைய வாகனத்தில் ஓடும் வயர் உனக்குத் தெரியாதா?”

அவளை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். டிக்கியைக் கிளறினார்கள், சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அவளுடைய அலுவலகத்துக்கு டெலிபோன் போய், பதில் வந்து, மழையும் பிடித்துக்கொண்ட பிறகு சார்ஜன்ட் அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். “அடுத்த கிழமை வரும்போது அந்த வயர் எங்கே போகிறதென்று சொல்ல வேண்டும்” என்றான்.

வீட்டுக்கு வந்ததும் துரைராசா சொன்னார்: “உந்தச் சனியனை வித்துப்போடும். ஆரோ எதையோ வச்சுத்தான் உம்மட தலையிலை கட்டியிருக்கிறாங்கள்.”

அவளுக்கும் அதே பயம். செல்லசாமி காரை ஏன் அவ்வளவு அவசரமாக விற்றார்? விலை பேசும்போது ஏன் முகத்தையே பார்க்கவில்லை? ஆனால் விற்கப் போனால், ‘ஏன் விற்றாய்’ என்று வீதித் தடையில் கேட்பார்களே!

மறுநாள் அலோசியஸின் கராஜுக்குப் போனாள். செல்லசாமி காலத்திலிருந்தே அந்தக் காரைப் பார்த்துவந்தவன் அவன்தான். வயரைக் காட்டியதும் பொனட்டைப் படாரென்று மூடினான்.

“பழைய வண்டின்னா அப்பிடி நாலு வயர் கெடக்கத்தாங்க செய்யும். வெட்டி எறிஞ்சிருவோம் டீச்சரம்மா.”

“வெட்ட வேண்டாம். எங்கை போகுது எண்டு சொல்லுங்கோ.”

“எனக்குத் தெரியாதுங்க.”

தெரியாதவன் வெட்ட ஏன் இவ்வளவு அவசரப்படுகிறான்? அந்தக் கேள்வி அவள் மனதில் முள்ளாக நின்றது. இனி இந்தக் காருக்குள் தனக்குத் தெரியாத பொருள் ஒன்றும் இருக்கக் கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவுகட்டினாள்.

“அப்ப மிச்சத்தையெல்லாம் காட்டுங்கோ. ஒயில், தண்ணி, பெட்டரி எல்லாம்.”

அலோசியஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தான். “ஒங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்? நாளைக்கு போலீஸ் வந்து, இந்தம்மாவுக்கு யாரு சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டா நான் என்னாங்க செய்யிறது?”

“ஒயில் பாக்கிறதும் குற்றமே?”

வேறு வழியில்லாமல் காட்டினான். கராஜின் இரண்டு கதவையும் அகலத் திறந்துவைத்து, ரோட்டில் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கும்படியாகத்தான் காட்டினான். எஞ்சின் ஆறிய பிறகு, சமதரையில் காரை நிறுத்தி, கம்பியை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தால்தான் ஒயிலின் அளவு சரியாகத் தெரியும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்தால் முகம் வெந்துவிடும். பெட்டரியில் கைவைப்பதானால் எர்த் வயரை முதலில் கழற்ற வேண்டும்.

அவன் ஒயில் குறைவு என்றால், அவள் கம்பியை வாங்கித் தானே துடைத்து விட்டுப் பார்த்தாள். ஃபேன் பெல்ட் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றான். மாற்றிய பிறகு பழைய பெல்ட்டைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் மடக்கி வெடிப்புகளைத் தேடினாள்.

“நான் மாதா கோயிலுக்குப் போற ஆளுங்க, ஏமாத்த மாட்டேன் டீச்சரம்மா” என்றான் அவன், மனம் நொந்து.

“நல்லது” என்று சொல்லிப் பழைய பெல்ட்டைக் காரில் போட்டுக்கொண்டாள்.

ஞாயிறு காலை வெயில் ஏறியதும் வீட்டு வாசலில் வேலையைத் தொடங்கினாள். துரைராசா கேற்றடியில் நின்று, ரோட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். எர்த் வயரைக் கழற்றினாள். கதவோரத் தகரப் பட்டியின் ஸ்குரூக்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். சிவப்பு வயர் அதற்குள்ளே ஓடிப் பின் சீட்டுக்குப் பின்னால் ஏறியது. விரலை வைக்கவே பயமாக இருந்தது. சீட்டைச் சாய்த்துப் பார்த்தால், அந்த இடத்தோடு வெட்டி, முனையில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

“முடிஞ்சுதே?” என்றார் துரைராசா.

முடியவில்லை. அதற்குப் பக்கத்திலேயே இரட்டை வயர் ஒன்று தொடங்கிக் கூரைத் துணிக்குள் போனது. அவள் வெளியே வந்து கூரையை உள்ளங்கையால் தடவினாள். பெயின்டுக்கு அடியில் நாலு இடத்தில் வட்டமாகப் பொம்மியிருந்தது. யாரோ துளைபோட்டு, பிறகு புட்டி வைத்து அடைத்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை கராஜ் திறக்குமுன்பே அவள் வாசலில் நின்றாள். “கூரையிலை நாலு ஓட்டை. ஆர் போட்டது?”

அலோசியஸ் ரோட்டைப் பார்த்தான். அவளை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தினான்.

“நாந்தாங்க. ஸ்பீக்கர் மாட்டுனது. தொண்ணூத்தி நாலு எலெக்சன்ல செல்லசாமி அய்யா இந்த வண்டியத்தான் வெளம்பரத்துக்கு விட்டாரு. தோத்த கட்சி. முடிஞ்சதும் சில பேரு வந்து, எந்த வண்டி, யாரு ஸ்பீக்கர் கட்டுனதுன்னு வீடு வீடாக் கேட்டாங்க. ராவோட ராவாக் கழட்டி, ஓட்டைய அடைச்சி, பெயின்ட்டு அடிச்சேன். அன்னைக்கு ‘எனக்குத் தெரியாது’ன்னு சொன்னதுதாங்க, இன்னைக்கு வரைக்கும் யாரு கேட்டாலும் அதேதான்.”

“நீங்கள் முதல்நாளே சொல்லியிருந்தால் இந்தக் கிழமை முழுக்க நான் நித்திரை கொண்டிருப்பன்.”

“நீங்க யாருன்னு எனக்கும் தெரியாதுங்களே.”

அவள் சாத்தியிருந்த கதவைத் தானே திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

அடுத்த முறை வீதித் தடையில் வேறொரு சார்ஜன்ட் நின்றான். வயர் கதை அவனுக்குத் தெரியாது. வழக்கம்போலப் பொனட்டைத் திறக்கச் சொன்னான். அவள் தானே திறந்து, கம்பியை முட்டுக்கொடுத்து நிறுத்தி, மனப்பாடம் செய்து வைத்திருந்த சிங்களத்தில் ஒன்றொன்றாகக் காட்டினாள். இது பெட்டரி, இது எர்த், இது டைனமோ, இந்தச் சிவப்பு வயர் பழைய ஸ்பீக்கருக்கானது, பின் சீட்டோடு முடிகிறது.

சார்ஜன்ட் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “நீ டீச்சர் என்கிறாய். வயர்களைப் பற்றி இவ்வளவு உனக்கு எப்படித் தெரியும்? யார் பழக்கியது?”

அன்றும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்தாள். அலோசியஸின் பெயரை மட்டும் சொல்லவில்லை. புத்தகம் பார்த்துப் படித்தேன் என்று சொல்லிச் சமாளித்தாள்.

அதன்பிறகு வீதித் தடைகளில் தடுமாறப் பழகிக்கொண்டாள். பொனட் கொக்கியை இரண்டு முறை தேடுவாள். வயரைக் கேட்டால் யோசித்து, “பழைய ரேடியோ போல” என்பாள். சிரித்துவிட்டுப் போகச் சொல்வார்கள். வீட்டில் மட்டும் தினமும் காலையில் தண்ணீர், ஒயில், பிரேக் ஒயில், டயர் எல்லாம் பார்த்தாள். கூடவே காருக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள். அலோசியஸ் பூட்டிய நட்டுகளைக்கூட வீட்டுக்கு வந்து ஒரு தடவை இறுக்கிப் பார்ப்பாள்.

இரண்டாயிரத்து இரண்டில் போர்நிறுத்தம் வந்து யாழ்ப்பாணப் பாதை திறந்தபோது, அதே காரில் இருவரும் ஊருக்குப் புறப்பட்டார்கள். வன்னியில் முறிகண்டிக்குக் கிட்ட, வெட்டைவெளியில் கார் சூடேறி நின்றது. ஃபேன் பெல்ட் அறுந்திருந்தது. மோட்டார்சைக்கிளில் வந்த ஒருவன் இறங்கி, “விடுங்கோ அக்கா, நான் போட்டுத் தாறன்” என்றான். துரைராசா விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்.

“வேண்டாம் தம்பி. தள்ளி நில்லும்.”

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, டைனமோவின் நட்டுகளை இளக்கி, கூடவே கொண்டுவந்திருந்த புது பெல்ட்டை மாட்டி, விரலால் அழுத்திப் பார்த்து இறுக்கினாள். அவன் கைகட்டிக்கொண்டு நின்று முழுவதையும் பார்த்தான்.

“நல்லாச் செய்யிறியள். எங்கை பழகினனீங்கள்?”

அவன் வெறும் ஆச்சரியத்தில்தான் கேட்டிருப்பான். ஆனால் அவளுக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே பொனட்டை மூடினாள்.

“ஏன் கேக்கிறீர்?” என்றாள்.