திருமுல்லைவாயிலில் நிற்காத வண்டி

எங்கள் தெருவில் யாராவது பெங்களூருக்குக் கிளம்பினால், ரயிலில் போவதா பஸ்ஸில் போவதா என்று முதலில் கிருபாகரனிடம் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் அவன் விடமாட்டான். கையில் பெட்டியைப் பார்த்தாலே கேட்டைத் திறந்துகொண்டு வந்துவிடுவான். அவன் பதில் எப்போதும் ஒன்றுதான், ரயில்.

கிருபாகரன் ஆவடி டாங்க் பாக்டரியில் பிட்டர். குவார்ட்டர்ஸில் பிறந்து, குவார்ட்டர்ஸில் வளர்ந்து, பிறகு திருமுல்லைவாயிலில் எங்கள் பக்கத்து மனையை வாங்கி வீடு கட்டிக்கொண்டவன். நான் பூந்தமல்லிக்காரன், அதனால் பஸ் கட்சி. எங்கள் இருவருக்கும் இதைத் தவிர வேறு எதிலும் சண்டை வந்தது கிடையாது. இது ஒன்றே போதுமானதாக இருந்தது.

பெங்களூர் போகிற வண்டிகள் எல்லாம் எங்கள் ஸ்டேஷன் வழியாகத்தான் போகும், ஆனால் நிற்காது. ஆகவே மேற்கே இருக்கிற ஊருக்குப் போக நாங்கள் லோக்கல் ரயிலில் கிழக்கே சென்ட்ரலுக்குப் போய், அங்கே அந்த வண்டியில் ஏறி, சற்று முன் பூட்டிவிட்டு வந்த வீட்டைத் தாண்டித்தான் போயாக வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அது இதுதான். பூந்தமல்லியில் பஸ் ஏறினால் நேரே மேற்கு. இதைச் சொன்னால் கிருபாகரன் சிரிப்பான்.

“பஸ்ல போறவன் மூட்டை மாதிரி போறான், தேவா. ட்ரெய்ன்ல போறவன் எந்திரிச்சி நடப்பான், டீ குடிப்பான், பாத்ரூம் போவான். மனுசனா போறான். இதுக்கு மேல இன்னா வோணும்?”

போன வருஷம் ஆனி மாதத்தில் அவன் மனைவி சித்ராவுக்குப் பதவி உயர்வு வந்தது. இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. உயர்வோடு மாற்றலும் சேர்ந்தே வந்தது, பெங்களூருக்கு. ஓசூர் ரோட்டில் ஆபீஸ், ஆபீஸுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு அறை. மகன் விக்ரம் ஏற்கெனவே புனேயில் வேலைக்குப் போய்விட்டதால், மூன்று படுக்கையறை வீட்டில் கிருபாகரன் தனியாக நின்றான். சித்ரா வாராவாரம் வந்து போவதாகச் சொன்னாள். அவன் அன்று மாலையே போனில் டிக்கெட் போட ஆரம்பித்தான்.

அவனுக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது. வாராவாரம் என்பது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஆகும், பிறகு மாதம் ஒரு தடவை, அப்புறம் தீபாவளி, பொங்கல் என்றாகிவிடும். பாக்டரியில் இப்படி ஆன இரண்டு குடும்பங்களை அவன் பார்த்திருந்தான். போக்குவரத்து சுகமாக இருந்தால் அவள் வருவாள், கஷ்டமாக இருந்தால் நின்றுவிடுவாள் என்று கணக்குப் போட்டான். அதனால்தான் ரயில் விஷயத்தில் அப்படி ஒற்றைக் காலில் நின்றான். இதை அவனே என்னிடம் சொன்னான், ஒரு முறைதான், மோட்டார் ரிப்பேர் பார்த்துக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் ஸ்கூட்டரில் அவளை ஸ்டேஷனில் விட்டு, சென்ட்ரல் போகிற லோக்கலில் ஏற்றிவிடுவான். வீட்டுக்கு வருவான், முகம் கழுவுவான், சட்டை கலையாமல் உட்கார்ந்திருப்பான். நாலு மணிவாக்கில் மறுபடி ஸ்டேஷனுக்குப் போய், பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே நிற்பான். திருமுல்லைவாயிலில் பிளாட்பாரம் டிக்கெட் கேட்கிற ஒரே ஆசாமி அவன்தான் என்று நினைக்கிறேன். கவுண்டரில் இருக்கும் பெண் முதல் தடவை எதற்கு என்று கேட்டாளாம். “கை காட்ட” என்றானாம்.

வண்டி வரும். புழுதியையும் டீ கப்பையும் கிளப்பிக்கொண்டு போகும். சித்ராவின் பெட்டி எது, ஜன்னல் எது என்று டிக்கெட் போட்ட அவனுக்குத் தெரியும். பிளாட்பாரம் பக்கத்து ஜன்னலாகப் பார்த்துத்தான் போடுவான். அந்தப் பெட்டி கடக்கும்போது கையைத் தூக்கி ஆட்டுவான். அங்கிருந்தும் ஒரு கை ஆடும். வண்டி போனதும் போன் வரும். “பார்த்தேங்க. நீலச் சட்டைதானே? நல்லாத் தெரிஞ்சீங்க” என்பாள் சித்ரா. அவன் திரும்பி வரும்போது முகம் வேறாக இருக்கும். நான் வாசலில் நின்றால் எனக்கும் ஒரு டீ போட்டுக் கொடுப்பான்.

ஆரம்பத்தில் சித்ரா ஒன்றிரண்டு முறை முணுமுணுத்துப் பார்த்தாள். வண்டி பெங்களூரில் ராத்திரி கொண்டுபோய் விடுகிறது, ஸ்டேஷன் ஊருக்கு நடுவில் இருக்கிறது, அங்கிருந்து ஓசூர் ரோட்டுக்கு டவுன் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் சாப்பாட்டுக் கடை மூடிவிடுகிறது என்றாள். பூந்தமல்லி பஸ் என்றால் அறை வாசலிலேயே இறக்கிவிடும்.

“மெட்ரோ கீது இல்ல?” என்றான் கிருபாகரன்.

மெட்ரோவில் இறங்கி இன்னொரு மெட்ரோ மாற வேண்டும், பிறகு நடக்க வேண்டும் என்று அவள் விளக்கினாள். அவன் தலையாட்டிவிட்டு அடுத்த மாதத்துக்கும் ரயிலில் டிக்கெட் போட்டான். பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ரயில் கட்சி ஜெயித்துவிட்டது என்று எங்கள் தெருவே ஒப்புக்கொண்டது. எனக்கு அதில் கொஞ்சம் கடுப்புதான்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் அவனோடு ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். வேறு வேலை இல்லை. வண்டி வருவது தெரிந்தது. வழக்கமான வேகம் இல்லை. அண்ணனூர்ப் பக்கம் சிக்னல் விழவில்லை போலிருக்கிறது. மெதுவாக வந்து, இன்னும் மெதுவாக ஊர்ந்து, அந்த வண்டி வாழ்நாளில் முதல் தடவையாகத் திருமுல்லைவாயிலில் நின்றது. சித்ராவின் பெட்டி எங்களுக்கு நேரே நின்றது. கிருபாகரன் கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தான். ஜன்னலிலிருந்து ஒரு கை திருப்பி ஆட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கையில் ஒரு பட்டை வாட்ச், கைக்கு மேலே ஒரு பெரிய மீசை.

இருவரும் கையை இறக்கவில்லை. இறக்கினால் மரியாதையாக இருக்காது என்று நினைத்திருப்பார்கள்.

“சார், இது என் சம்சாரத்தோட சீட்டு” என்றான் கிருபாகரன்.

“அப்படிங்களா? ஆளே வரலைங்க. டிடிஆர்தான் எனக்குக் குடுத்தாரு” என்றார் மீசைக்காரர்.

“நீங்க யாருக்குக் கை காட்டினீங்க?”

“நீங்க காட்டினீங்க, நானும் காட்டினேன். காட்டாம எப்படிங்க இருக்கிறது?” என்றார் அவர். நியாயமான பதில்தான்.

மதியம் லோக்கலில் ஏற்றிவிட்டவள் சென்ட்ரலில் ஏறவில்லை என்றால் என்ன அர்த்தம்? கிருபாகரன் போனை எடுக்கத் தடுமாறினான். எடுப்பதற்குள் அதுவே அடித்தது. சித்ராதான். அவசரத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டான்.

“பார்த்தேங்க. கோடு போட்ட சட்டைதானே? நல்லாத் தெரிஞ்சீங்க” என்றாள் சித்ரா.

வண்டி எங்கள் முன்னால் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. மீசைக்காரர் ஜன்னலில் முகத்தை வைத்து அக்கறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். போனில் ஏர் ஹாரன் சத்தம். அதற்குப் பின்னால் ஒரு குரல், “வாலாஜா டிக்கெட் யாருப்பா?” என்றது.

“இன்னா சத்தம் அது?” என்றான் கிருபாகரன்.

“வெளியில லெவல் கிராசிங்ல ஏதோ பஸ் நிக்குதுங்க” என்றாள் சித்ரா.

நான் போனைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். எனக்கு அவ்வளவு கோபம். இத்தனை மாதம் ஒரு மனுஷன் டிக்கெட் வாங்கி நின்று யார் யாருக்கோ கையாட்டியிருக்கிறான்! ஆனால் அவன் என் கையைத் தட்டிவிட்டான். “சரி சித்ரா. பத்திரமா போ” என்று வைத்துவிட்டான். சிக்னல் விழுந்து வண்டி நகர்ந்தது. மீசைக்காரர் மறுபடி கை காட்டினார். கிருபாகரனும் காட்டினான்.

அந்த வாரம் முழுக்க அவன் என்னோடு பேசவில்லை. பாக்டரிக்குப் போனான், வந்தான். புதன்கிழமை சாயங்காலம் மட்டும் மதில் மேல் கையை வைத்துக்கொண்டு, “பொய் சொன்னா பரவால்ல, தேவா. எத்தினி மாசம்னு தெரியல பாரு. எந்தக் கை அவ கைன்னு தெரியல” என்றான். பஸ் கட்சி ஜெயித்ததில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

சனிக்கிழமை சித்ரா வந்தாள். இவன் வழக்கம்போலவே இருந்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டான், ஸ்கூட்டரை எடுத்தான், அவளை ஏற்றிக்கொண்டான். தெருமுனையில் ஸ்டேஷன் பக்கம் திரும்ப வேண்டியவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அயப்பாக்கம், திருவேற்காடு வழியாகப் பூந்தமல்லி ரோட்டில் போனான். அம்பத்தூரில் இறங்கி அவள் வாராவாரம் ஆட்டோ பிடித்துப் போகிற அதே வழி. பின்னால் உட்கார்ந்திருந்த சித்ரா, எங்கே போகிறோம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதெல்லாம் பிறகு அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பூந்தமல்லி பைபாஸில் ஓசூர் வழி பெங்களூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. சீட்டு நிறையும்வரை எடுக்கமாட்டார்கள். கண்டக்டர் கீழே நின்று கத்திக்கொண்டிருந்தார். சித்ரா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இவன் கீழே நின்றான். ரயிலென்றால் கையை ஆட்டுவதற்குள் போய்விடும். இது போகவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தாக வேண்டியிருந்தது.

“எப்போ தெரிஞ்சுது?” என்றாள் சித்ரா.

“போன வாரம். வண்டி நின்னுடுச்சி.”

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “முதல் வாரம் நீங்க போன்ல சொன்னீங்க, உன் கையப் பாத்தப்புறம்தான் எனக்கு ஊட்டுக்குள்ள போவ முடிஞ்சுதுன்னு. அப்புறம் நான் எப்படிச் சொல்றது? ஐப்பசியில ஒருநாள் மழையில அங்க ஸ்டேஷன்ல மாட்டிக்கிட்டேன். பஸ் இல்ல, ஆட்டோ இல்ல. நனைஞ்சுக்கிட்டே நின்னேன். அடுத்த வாரத்துலேர்ந்து இதுலதான் போறேன்.”

“சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேனே. மெட்ரோ கீது இல்லயான்னு கேட்டீங்க.”

கண்டக்டர் “ஓசூர், எலக்ட்ரானிக் சிட்டி, ரெண்டே சீட்டு” என்று கத்தினார்.

“இன்னொண்ணும் சொல்லிடறேன்” என்றாள் சித்ரா. “அடுத்த வாரம் நான் வரலை. முதுகு முடியலைங்க. வாராவாரம் முடியாது. திட்டுறதுன்னா இப்பவே திட்டிடுங்க.”

அவன் எதற்குப் பயந்துகொண்டிருந்தானோ அது அப்படியே அவள் வாயால் வந்துவிட்டது. ரயில் சுகம் என்று அவன் போட்ட கணக்கெல்லாம் அதைத் தடுக்கத்தான். அவன் திட்டவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“இத்தனை மாசமா நான் எதுல போவணும்னு ஊரையே கூட்டி வெச்சுப் பேசினீங்க” என்றாள் அவள், கோபமில்லாமல். “நீங்க ஒரு தடவ வந்தீங்களா?”

அப்போது டிரைவர் இன்ஜினைப் போட்டார்.

சாயங்காலம் நான் ஸ்டேஷன் பக்கம் நடந்து போய்ப் பார்த்தேன். சென்ட்ரலில் மூன்றரைக்குக் கிளம்புகிற அந்த வண்டி அதன் வேகத்தில் கடந்து போனது. பிளாட்பாரத்தில் அவன் இல்லை. வீட்டுக்கு வந்தால் வீடும் பூட்டிக் கிடந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போன் வந்தது.

“தேவா, ஸ்கூட்டர் பூந்தமல்லி பைபாஸ்ல நிக்குது. பஸ் ஸ்டாப் எதிர்ல ஜூஸ் கடை. சாவிய கடைக்காரராண்ட குடுத்துட்டேன். போய் எடுத்துகினு வந்துடு. பாக்டரிக்குப் போன் போட்டு, மேஸ்திரிகிட்ட நாளைக்கு நான் வரலன்னு சொல்லிடு” என்றான் கிருபாகரன். சொல்லாமல் லீவு போட்டதே இல்லாத மனுஷன்.

“எங்கடா கீற நீ?” என்றேன்.

“ஆம்பூர் தாண்டிட்டோம்.”

“மாத்துத் துணி?”

“இல்ல.”

“பஸ் எப்படி இருக்கு?” என்று கேட்டேன். கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

“குலுக்குது. காலு நீட்ட முடியல” என்றான். பிறகு குரலை இறக்கினான். “மெதுவா பேசு, நைனா. சித்ரா தோள்ல சாஞ்சி தூங்கறா.”

நான் போனை வைத்துவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துவர ஆட்டோ பிடித்தேன்.