தக்காளியைத் தண்டித்தவள்

அவள் டிரைவிங் ஸ்கூலில் டீச்சர். கற்றுக்கொள்ள வருபவர்களை ஏற்றிக்கொண்டு அவள் சுற்றும் வழி ஒன்றுதான்: பெட்ரோல் பங்க், நூலகம், பெரிய மருந்துக்கடை, மறுபடி பெட்ரோல் பங்க். இங்கெல்லாம் கேட்டால் கழிப்பறைச் சாவி கொடுப்பார்கள். ஏன் ஒரே தெருவையே சுற்றுகிறோம் என்று யாராவது கேட்டால், "வளைவு பழகணும் இல்ல?" என்பாள்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. ஐந்து வருடம் முன்பு, குரோன்ஸ் நோய் என்று டாக்டர் சொன்னார். குடல் புண்ணாகி வீங்கும். சில மாதம் அடங்கிக் கிடக்கும். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பும். சிறுகுடலில் ஓரிடம் குறுகியும் போயிருந்தது. "நீங்க எதையோ சாப்பிட்டதால வந்ததில்ல இது," என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். அதைச் சொந்தக்காரர்கள் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னால், அவளும் போட்டுக்கொள்ளவில்லை.

எல்லாரையும்விட மும்முரமாக இருந்தது நாத்தனார், கணவருக்கு அக்கா. ஒரு வாரம் ஃபோன் செய்து, "பாலை நிறுத்து, பால்தான் உனக்கு எமன்," என்பார். அடுத்த வாரம், "பாலை நிறுத்திட்டியா? எலும்பு என்னத்துக்கு ஆகும்?" என்பார். ஒருநாள் நேரில் வந்தவர், கேரட்டையும் முட்டைக்கோஸையும் பச்சையாகவே நறுக்கி ஒரு தட்டு நிறைய வைத்தார். "சாப்பிடு. குடல் சுத்தமாகும்."

பெரியவரிடம் எதற்கு வாக்குவாதம் என்று சாப்பிட்டாள். குறுகிய இடத்தில் போய் அடைத்துக்கொண்டது. இரண்டு நாள் வாந்தி, வயிற்றைப் பிசையும் வலி, ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ்.

அதன்பின் அவளுக்குச் சாப்பாட்டைப் பார்த்தாலே பயம். என்றைக்கு வலித்தாலும் முந்தின நாள் சாப்பிட்டதை நினைத்துப் பார்த்து, ஏதாவது ஒன்றின்மேல் பழிபோட்டாள். முதலில் தக்காளி போனது. பிறகு பருப்பு, மீன், பால், முட்டை. போனது எதுவும் திரும்பி வரவில்லை. ஒரு வருடத்தில் மிஞ்சியவை எட்டு: சோறு, வெள்ளை ரொட்டி, தோல் உரித்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம், பிஸ்கட், சர்க்கரை, உப்பு. எட்டாவது தண்ணீர்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் சமையல் அவர்தான். அடுப்பில் அவளுக்கென்று தனிப் பாத்திரம் வைத்து வைத்து அலுத்துப்போயிருந்தார்.

"முட்டையாவது சாப்பிடேன்."

"புதன்கிழமை முட்டை சாப்பிட்டேன், வியாழக்கிழமை படுத்துட்டேன். மறந்துட்டீங்களா?"

"அந்தப் புதன்கிழமை நமக்குள்ள பெரிய சண்டை. பேசாம என்னையும் அந்தப் பட்டியல்ல சேர்த்துடு."

"இடமிருந்தா சேர்த்திருப்பேன்."

உடம்பு இளைத்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. வெயில், தூக்கமில்லை, வயசாகிறது என்று ஏதாவது காரணம் வைத்திருந்தாள். இதற்கிடையில் வண்டி பழக வருபவர்களில் பாதிப்பேர், "மெலிஞ்சு அழகாயிட்டீங்களே, என்ன டயட்?" என்று வேறு கேட்டார்கள். அவர்களை வண்டியிலிருந்து இறக்கிவிடலாம் போலிருக்கும்.

ஒரு திங்கட்கிழமை காலை, மூன்று முறை டெஸ்டில் தோற்ற தையல்கார அக்காவுக்கு வகுப்பு. இரண்டாவது கியருக்கு மேல் போனால் அந்த அக்காவுக்குக் கை நடுங்கும். நூலகத்தைத் தாண்டும்போது டீச்சருக்குக் கண் இருட்டியது. தன் காலடியில் இருந்த பிரேக்கை அழுத்தி ஓரங்கட்டச் சொன்னாள். அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. தலை கதவில் சாய்ந்தது.

"டீச்சர்! ஐயோ டீச்சர், என்ன பண்ணுது?"

தையல்கார அக்கா அரை நிமிடம் தவித்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். ஆஸ்பத்திரிவரை இரண்டாவது கியர்தான். பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். "அடிங்கடா, அடிங்க," என்று கண்ணாடியைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஓட்டினாராம்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இரும்புச்சத்து அடிமட்டத்துக்குப் போயிருந்தது. மறுநாள், உணவு ஆலோசகர் என்று ஒரு பெண் கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள். டீச்சரைவிடப் பத்து வயதாவது சின்னவள். எட்டுச் சாமானையும் டீச்சர் வரிசையாக ஒப்பித்தாள். இவ்வளவு கட்டுப்பாட்டுக்கு நாலு நல்ல வார்த்தை வரும் என்று நினைத்தாள்.

"இதுல புரதம் எங்க இருக்கு?"

"பிஸ்கட்ல இருக்காதா?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "உங்க குடல்ல வீக்கம் அடங்கவே இல்ல. டாக்டர் மருந்தை மாத்தப்போறார். மருந்து சரியா வேலை செய்யாததுக்கு நீங்க தக்காளியைத் தண்டிச்சிருக்கீங்க."

டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஒருத்தர் பால் குடிங்கறாங்க, அவங்களே வேணாங்கறாங்க. பச்சையா தின்னு, அடைச்சுக்கிட்டுப் படுத்தேன். பயந்து குறைச்சா, நீங்க வந்து திட்டறீங்க. தின்னாலும் தப்பு, தின்னலைன்னாலும் தப்பு. நான் காத்தைத்தான் குடிக்கணுமா?"

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"உங்களைத் திட்டலைங்க. குறுகின இடம் இருக்கறது நிஜம். அதனால தோல், விதை, கொட்டை, பச்சைக் காய் இப்போதைக்கு வேணாம். மத்த எல்லாத்தையும் குழைய வேகவச்சு, கொஞ்சம் கொஞ்சமா சாப்பிட்டுப் பாருங்க. ஒண்ணைச் சேர்த்தா மூணு நாள் பாருங்க, அப்புறம் அடுத்தது. ஒருநாள் வலிச்சா உடனே தூக்கிப் போடாதீங்க. எனக்கு ஃபோன் பண்ணுங்க."

ஊசி மருந்து தொடங்கியது, இரும்புச்சத்தும் ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்து முதலில் பாதி முட்டை. கணவர் எதிரில் உட்கார்ந்து, வெடிகுண்டைப் பார்ப்பதுபோல் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் மீன், மசித்த கேரட், தோலும் விதையும் நீக்கிய தக்காளி. பூசணிக்காய் சாப்பிட்ட அன்று வலித்தது. ஃபோன் செய்தாள். "எவ்வளவு சாப்பிட்டீங்க?" பெரிய கிண்ணம் ஒன்று. அடுத்த வாரம் இரண்டு கரண்டி சாப்பிட்டாள். வயிறு பேசாமல் இருந்தது.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நாத்தனாரையும் கூப்பிட்டாள். "வாங்க அண்ணி, சொல்றதை உங்க காதாலயே கேளுங்க." நாத்தனார் உணவு ஆலோசகரோடு நார்ச்சத்தைப் பற்றி அரைமணி நேரம் மல்லுக்கட்டினார். கடைசியில், குறுகிய குடலின் ஸ்கேன் படத்தைக் காட்டிய பிறகுதான் வாதத்தை விட்டார். வரும் வழியில் பஸ்ஸில், "அன்னிக்கு நான் வச்ச தட்டாலதானா?" என்று மெல்லக் கேட்டார்.

"ஆமா அண்ணி."

நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாளிலிருந்து காலையும் மாலையும் ஃபோன்: "முட்டை சாப்பிட்டியா?" இது வேறு விதமான தொல்லை.

ஆறு மாதத்தில் ஐந்து கிலோ ஏறியது. நோய் போய்விடவில்லை, போகும் என்று யாரும் சொல்லவும் இல்லை. சில நாள் முதல் வகுப்பை ரத்து செய்துவிட்டுப் படுத்துக்கிடப்பாள். அப்போதெல்லாம் கோபம் வரும். ஆனாலும் வலியோடு வலியாக எழுந்து, குழைந்த சோற்றில் மீனைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுத்தான் மறுபடி படுப்பாள்.