கை காட்டினால் நிற்கும் சாலை

மார்ச் மாதம் பிறந்தால் எங்கள் ஆராய்ச்சி மையத்துக்குப் பேய் பிடித்துக்கொள்ளும். அரசாங்கம் கொடுத்த பணத்தை அந்த மாதம் முடிவதற்குள் செலவழித்துவிட வேண்டும். மிச்சம் வைத்தால் திரும்பிப் போய்விடும். அதைவிட மோசம், இவர்களுக்கு இவ்வளவே போதும் என்று அடுத்த வருடம் குறைத்துவிடுவார்கள். அதனால் நன்றாக ஓடும் ஏசியைக் கழற்றிவிட்டுப் புது ஏசி மாட்டுவோம். உட்கார ஆளில்லாத அறைக்கு நாற்காலி வாங்குவோம்.

மையம் என்பது தாம்பரத்துக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியின் இரண்டாவது மாடி. 'போக்குவரத்து ஆராய்ச்சி மற்றும் கல்வி மையம்' என்று பித்தளையில் பலகை வைத்திருந்தார்கள். நான் அங்கே ஆராய்ச்சி உதவியாளர். அஸ்தினாபுரத்திலிருந்து தினமும் ஸ்கூட்டரில் புகை குடித்துக்கொண்டு போய் வருவேன். அரசாங்கம் எங்களுக்குப் பணம் கொடுத்தது ஒரே ஒரு வேலைக்கு. கல்லூரி வாசலில் மக்கள் சாலையைக் கடக்கப் பத்திரமான வழி செய்து, அது பலன் தருகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். தரையில் வெள்ளைக் கோடு, பட்டனை அழுத்தினால் வண்டிகளுக்குச் சிவப்பு விழும் சிக்னல். விண்ணப்பத்தை எழுதியது நான்தான்.

அதற்காக மாடியில் கேமரா வைத்து எடுத்த வீடியோக்களை நாள் கணக்கில் பார்த்தேன். அதில் தினமும் எனக்குத் தெரிந்த ஓர் உருவம் வரும். எங்கள் மையத்தைப் பெருக்கித் துடைக்கும் அக்கா. வீடு பெருங்களத்தூரில். அந்தப் பக்கம் போகும் பஸ் எதிர்ப்புறம்தான் நிற்கும். வேலை முடிந்ததும் டிபன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு சாலையோரம் நிற்பார். தனியாக இறங்கவே மாட்டார். நாலைந்து மாணவர்கள் சேரும்வரை காத்திருந்து, அவர்களுக்கு நடுவில் புகுந்து ஓடுவார். எதிர்ப்புறம் ஏறியதும் கழுத்துத் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

"இன்னாமா, கோடு எப்ப போடுவாங்க? சிக்னலு வருதுன்னு சொன்னியே" என்று என் மேஜையைத் துடைக்கும்போதெல்லாம் கேட்பார்.

"வந்துடும்க்கா" என்பேன். வரும் என்றுதான் நானும் நம்பினேன்.

சாலையில் கோடு போட அனுமதி வாங்க வேண்டும். அதற்கு யாராவது வெயிலில் அலைய வேண்டும், ஆபீஸ் ஆபீஸாக நிற்க வேண்டும். எங்கள் இயக்குநருக்கு அதெல்லாம் ஒத்து வராது. அவர் பேராசிரியர், கருத்தரங்குகளில் மாலை வாங்கிப் பழகிய கழுத்து. நான் போகட்டுமா என்று கேட்டபோதும், "ப்ராப்பர் சேனல்ல போகலாம்மா, அவசரப்படாதே" என்றார். அப்படியே மார்ச் வந்தது. சிக்னலுக்கு வைத்திருந்த பணத்தில் ஓர் இயந்திரம் வந்து இறங்கியது.

நடப்பவர்களுக்கான சிமுலேட்டர். கண்ணை மறைக்கும் கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டு, அறைக்குள் விரித்த ரப்பர் பாயில் நடக்க வேண்டும். கண்ணுக்குள் ஜி.எஸ்.டி. சாலை தெரியும். வெளிநாட்டுச் சரக்கை நம் ஊருக்கு ஏற்ப மாற்றித் தந்திருந்தார்கள். ஷேர் ஆட்டோ ஓடியது. நடுத்தடுப்பு ஓரம் ஒரு மாட்டைக்கூடப் படுக்க வைத்திருந்தார்கள். ஓட்டுநர்களை மட்டும் மாற்றவில்லை. கையைத் தூக்கிக் காட்டிக் காலை எடுத்து வைத்தால் லாரி முதல் பைக் வரை அத்தனையும் பவ்யமாக நின்றன.

"சார், நம்ம ரோட்டுல எவன் நிப்பான்? அந்த செட்டிங்கை ஆஃப் பண்ணச் சொல்லுங்க" என்றேன்.

"ஆஃப் பண்ணா டெமோல வண்டி இடிச்சிடும்மா. கமிட்டி முன்னாடி அசிங்கமா இருக்காதா?" என்றார் இயக்குநர்.

பணம் எப்படிச் செலவானது என்று பார்க்க டெல்லியிலிருந்து கமிட்டி வந்தது. நடந்து காட்ட அக்காவைக் கூப்பிட்டார்கள். "பூவை எடுத்துடுங்க, பெல்ட் மாட்டணும்" என்று யாரோ சொல்ல, தலையிலிருந்த மல்லிகையை எடுத்து மேஜை ஓரம் வைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையைத் தூக்கினார், நடந்தார், அந்தப் பக்கம் சேர்ந்தார். அங்கே போனதும் வழக்கம்போல் தாலியைத் தொட்டு, கண்ணை மறைத்த கண்ணாடிமேல் ஒற்றிக்கொண்டார். முந்திரி கொறித்துக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். "ரியல் ஸ்டேக்ஹோல்டர், இந்தத் திட்டமே இவங்களுக்காகத்தான்" என்று இயக்குநர் அறிமுகப்படுத்தினார். ஜன்னலுக்கு வெளியே நிஜச் சாலை ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. சத்தம் தொந்தரவாக இருக்கிறதென்று ஜன்னலைச் சாத்தினார்கள்.

அதன்பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தாலும், வேறு கல்லூரிக்காரர்கள் வந்தாலும் அக்காதான் நடந்தார். அவருக்கும் பிடித்துப்போயிற்று. "உள்ள நல்லா கீதுமா. கை காட்டினா அவனவன் மரியாதையா நிக்கிறான்" என்று சிரிப்பார்.

மழை விட்ட ஒரு சாயங்காலம். ஸ்கூட்டரை எடுக்க வாசலுக்கு வந்தேன். மாணவர்கள் கும்பலாக ஓரத்தில் நின்றிருந்தார்கள். எப்போதும் கும்பலுக்கு நடுவில் ஒளிந்துகொள்ளும் அக்கா அன்று முன்னால் நின்றார். வலது கையை நன்றாக உயர்த்தினார். உள்ளே எப்படித் தூக்குவாரோ அப்படியே. கால் எடுத்து வைத்தார். நான் "அக்கா!" என்று கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. ஒரு பைக்காரன் அடித்துத் தூக்கிவிட்டு நிற்காமல் போனான். டிபன் பாக்ஸ் மட்டும் எதிர்ப்புறம் போய் விழுந்தது.

உயிருக்கு ஒன்றுமில்லை. வலது தொடையில் கம்பி வைத்தார்கள். அரசு ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கை காட்டினா நிப்பான்னு பழகிப் போச்சுமா" என்றார். குற்றம் தன்னுடையது என்பது போலச் சொன்னார்.

மறுநாள் இயக்குநர் அறைக்குப் போய் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் முகம் வாடவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது முக்கியமான ஃபைண்டிங்மா. சிமுலேட்டர்ல கத்துக்கிட்டதை அந்தம்மா ரோட்டுல செஞ்சிருக்காங்க பாரு. அப்ப ட்ரெயினிங் வேலை செய்யுது. நீ மாடி கேமரா வீடியோவை எடு, பேப்பர் எழுதலாம்."

வாய் கூசாமல் சொன்னார். அந்த மனிதரோடு ஒரே அறையில் மூச்சு விடவே அருவருப்பாக இருந்தது. என் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். என் பெயர் இல்லாமலே கட்டுரை வந்தது. அதைக் காட்டி இரண்டாம் கட்ட நிதி கேட்டார்கள். அதுவும் வந்தது. அன்று மையத்தில் கேக் வெட்டினார்கள். நான் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தபோது இயக்குநர் வாயில் கேக் இருந்தது. தலையை மட்டும் ஆட்டினார். பிறகு ஒரு ஸ்வீட் பெட்டியை நீட்டி, "போற வழியில அந்தம்மாகிட்ட குடுத்துடு. அவங்களும் நம்ம டீம்தானே" என்றார்.

பெருங்களத்தூரில் ஏரிக்கரை ஓரம் ஒற்றை அறை வீடு. அக்கா காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தார். வாக்கர் பக்கத்தில் இருந்தது. பெட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"கோடு போட்டுட்டாங்களாமா?"

"இல்லக்கா. பணம் வந்திருக்கு. இன்னொரு மிஷின் வாங்கப் போறாங்க. இதைவிடப் பெருசு."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கம்பி வைத்த காலைத் தடவிக்கொண்டார்.

"கால் சரியானா என்னியே கூப்புடச் சொல்லுமா" என்றார். "எனக்கு அந்த ரோடுதான் பயம் இல்லாம கீது."