அடுத்த கம்பெனியில் இருந்து அக்காவின் போனுக்கு

எங்கள் வீட்டில் மகனுக்கு ஒரு கம்பெனி போன், மருமகளுக்கு வேறு கம்பெனி போன். இரண்டு கம்பெனிக்கும் ஆகாது என்பார்கள். கோர்ட்டு வரைக்கும் போய் மல்லுக்கட்டியவர்களாம். ஆனால் ஒருவன் புதிதாக எதையாவது கண்டுபிடித்துப் போட்டால், ஒரு வருசம் ஒன்றரை வருசத்தில் அதே சங்கதி அடுத்தவன் போனிலும் வந்துவிடுகிறது. போட்டோவில் குறுக்கே நின்றவரை விரலால் தேய்த்தால் ஆள் காணாமல் போய்விடுவார். அது முதலில் மருமகள் போனில்தான் இருந்தது. மகனுடைய பங்காளி ஒருவரை ஒரு கல்யாணப் போட்டோவில் இருந்து அப்படித் துடைத்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. பிறகு மகன் போனிலும் அது வந்தது. அவன் போனில் வேறொன்று வந்தது, அது இவள் போனுக்குப் போனது. சோறு உண்ணும் இடத்தில் இரண்டு பேரும் இதைச் சொல்லியே ஒருவரை ஒருவர் நோண்டிக்கொள்வார்கள்.

நான் மூன்றாம் வகுப்பில் பாதி வரைக்கும் போனவள். பஸ் பலகை படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். அதற்கு மேல் எழுத்துக்கும் எனக்கும் ஒத்து வராது. அதற்காக யார் முன்னாலும் குனிந்து நின்றதில்லை. இதையும் நான் வாயால்தான் சொல்கிறேன். போன் எழுதிக்கொள்கிறது, மருமகள் அச்சுத் தமிழுக்கு மாற்றித் தருகிறாள். யார் பேரையும் போடக்கூடாது என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். போட்டால் என் அக்கா என்னைச் சும்மா விடமாட்டாள்.

கம்பெனிக்காரர்கள் ஒருவனிடம் ஒருவன் எடுப்பது எனக்குப் புதிதில்லை. என் வீட்டுக்காரர் கோயமுத்தூர் கணபதி ஏரியாவில் லேத் பட்டறை வைத்திருந்தவர். மாவு ஆட்டும் கிரைண்டரை அப்படியே சாய்த்து மாவை வழிக்கிற மாதிரி ஒரு ஸ்டாண்டு போட்டார். மூன்றே மாசத்தில் பின் தெருப் பட்டறையில் அதே ஸ்டாண்டு. நான் கொதித்துப் போனேன். அவர் சண்டைக்குப் போகவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு போய் அந்த ஸ்டாண்டைக் குனிந்து பார்த்தார். அந்த ஆள் கூடுதலாக ஒரு போல்ட் போட்டிருந்தான், சாய்த்தால் ஆடாமல் நிற்கும். மறுநாள் இவரும் அந்த போல்ட்டைப் போட்டார். இதெல்லாம் நம் ஊர்க்காரர்கள் செய்கிற வேலை என்றுதான் நினைத்திருந்தேன். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய பெரிய கம்பெனியும் இப்படித்தான் எட்டிப் பார்த்துக்கொண்டு இருக்கிறது என்று தெரிந்தபோது, உலகம் எவ்வளவு சின்னது என்று தோன்றியது. அது எவ்வளவு பெரியது என்பது பிறகுதான் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

என் கூடப் பிறந்தவள் அக்கா ஒருத்திதான். சென்னிமலைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள், பெட்ஷீட் தறிக்காரர் வீடு. எட்டாவது வரைக்கும் படித்தவள். வாரப் பத்திரிகை ஒன்று விடாமல் படிப்பாள். எனக்கு மூன்று வயது மூத்தவள், பிடிவாதத்திலும் அந்த அளவு மூத்தவள். வாரத்தில் இரண்டு முறையாவது போனில் பேசிக்கொள்வோம்.

துடியலூரில் மகன் புது வீடு கட்டிப் பால் காய்ச்ச நாள் குறித்தபோது, சொந்தபந்தம் எல்லோரையும் மகனும் மருமகளும் நேரில் போய் அழைத்தார்கள். சென்னிமலைக்கு மட்டும் நீங்கள் போகவேண்டாம், அக்காவை நான்தான் அழைப்பேன் என்று நிறுத்திவிட்டேன். எங்கள் பக்கம் விசேஷத்துக்குக் கூப்பிடுவது என்றால் வீட்டுக்குப் போய், பேர் சொல்லி, வாயால் சொல்லவேண்டும். அக்காவுக்கு அந்த மரியாதையை இன்னொருத்தர் கையில் கொடுக்க எனக்கு மனம் இல்லை. அப்போது பார்த்து முட்டி வீங்கிக் காலைக் கீழே ஊன்ற முடியாமல் படுத்துவிட்டேன். நாள் நெருங்கிவிட்டது. வேறு வழி இல்லாமல் போனில் கூப்பிட்டு, தேதி, நேரம், வரவேண்டிய பஸ் எல்லாம் சொல்லி, கால் இப்படி ஆகிவிட்டது, மன்னித்துக்கொண்டு வந்துவிடவேண்டும் என்றேன். அக்கா, "செரி அம்மணி, செரி செரி" என்றாள்.

வரவில்லை. முன்வரிசையில் ஒரு நாற்காலியில் என் துண்டைப் போட்டு வைத்திருந்தேன். பந்தி முடிந்து பாத்திரம் கழுவும் வரைக்கும் அந்தத் துண்டை நான் எடுக்கவில்லை.

வராதவள் காரணம் சொல்லட்டும் என்று நான் இருந்துவிட்டேன். அவளும் கூப்பிடவில்லை. இரண்டு வருசம் ஓடிவிட்டது. கேட்டவர்களிடம் எல்லாம், தறி நாலு கூடுதலாக ஓடினால் கூடப் பிறந்தவள் கண்ணுக்குத் தெரியமாட்டாள் என்று சொல்லிவைத்தேன். சொன்னது அவள் காதுக்குப் போகட்டும் என்றுதான் சொன்னேன்.

போன வருசம் பேத்திக்கு மாப்பிள்ளை அமைந்தது. தை மாசம் கல்யாணம் என்று பேச்சு. அக்கா இல்லாமல் ஒரு கல்யாணமா என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அந்தச் சமயத்தில் அவிநாசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் அக்காவின் மருமகளைப் பார்த்தேன். கை கழுவும் இடத்தில் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"சின்னத்தை, ஒண்ணு சொல்றேனுங்க, நாஞ் சொன்னேன்னு காட்டிக்காதீங்க. அத்தைக்கு ரெண்டு காதும் கேக்கறதில்லீங்க. மூணு வருசமாச்சு."

எனக்குக் கை அப்படியே தண்ணீரில் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் காதுக்கு மாட்டுகிற மிஷின் கொடுத்தார்களாம். ஊரெல்லாம் பார்க்க அதை மாட்டிக்கொண்டு திரிவதற்குப் பேசாமல் வீட்டுக்குள் கிடப்பேன் என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாளாம். வெளியே யாருக்கும் தெரியக்கூடாது என்று மகனிடமும் மருமகளிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறாள். எதிரே நிற்பவர் வாயைப் பார்த்துச் சமாளிக்கிறாள். போனில் யார் பேசினாலும் "செரி செரி" என்று சொல்லி வைத்துவிடுகிறாள்.

"நீங்க பால் காய்ச்சறதுக்குக் கூப்புட்டதே அவியளுக்குத் தெரியாதுங்க" என்றாள் அந்தப் பெண். "தங்கச்சி புது ஊடு கட்டுனா, என்னைய ஒரு வார்த்தை கூப்புடலைன்னு அழுதுட்டு இருந்தாங்க."

இரண்டு வருசமாக நான் ஊரெல்லாம் பேசிய பேச்சு ஒவ்வொன்றும் என் மேலேயே வந்து விழுந்தது. வாரம் இரண்டு முறை பேசிக்கொண்டிருந்தவளுக்கு, அக்காவின் காது போனதே தெரியவில்லை. அவள் சொன்ன "செரி செரி" எனக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

நேரில் போவது என்றால், கத்திப் பேசவேண்டும். தறிக்கூடத்தில் ஆட்கள் இருப்பார்கள், அவள் மறைத்து வைத்ததை நானே தெருவில் போட்ட மாதிரி ஆகும். எழுதிக் காட்ட எனக்கு எழுத்து வராது. இன்னொருத்தரை வைத்து எழுதலாம் என்றாலோ, எங்கள் இரண்டு பேருக்குள் இருக்கிற சங்கதிக்கு மூன்றாவது கை ஆகாது.

அப்போதுதான் மருமகள் போனில் ஒன்றைக் கண்டேன். அவள் பள்ளிக்கூடத்து டீச்சர். மேஜை மேல் போனை வைத்துவிட்டு என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். திரையில் எறும்பு சாரை போவது போல எழுத்து ஓடியது. என்ன என்று கேட்டேன். நான் கேட்ட "என்ன" என்பதும் எழுத்தாகி ஓடியது. காது கேளாதவர்களுக்காகச் செய்ததாம். எதிரில் பேசினாலும் எழுதும், போனில் அந்தப் பக்கம் பேசினாலும் எழுதும். நம் ஊர்ப் பேச்சை முதலில் அரையும் குறையுமாக எழுதியது. நிறுத்தி நிதானமாகச் சொன்னால் சரியாக எழுதியது. என் வாயில் இருந்து ஒரு நாளும் எழுத்து வந்ததில்லை. மூன்றாம் வகுப்பில் பாதியில் நின்றவள் பேசப் பேச, அது போட்டுக்கொண்டே போனது. ஒற்றெழுத்துகூடத் தவறவில்லை என்று மருமகள் படித்துப் பார்த்துச் சொன்னாள். நான் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் பேசிப் பார்த்தேன்.

அக்காவிடம் இருப்பது என் மகன் வைத்திருக்கிற அதே கம்பெனி போன். அதில் இது கிடையாது. உடனே மருமகள் வைத்திருக்கிற கம்பெனியில் ஒரு புதுப் போன் வாங்கி, பேத்தி கல்யாணத்தை முன்னிட்டு அக்காவுக்குச் சீர் என்று சொல்லி அனுப்பினேன். நாலாம் நாள் திரும்பி வந்தது. தன் மகன் வாங்கித் தந்தது இருக்கிறது, இன்னொன்று எதற்கு என்று சொல்லியனுப்பியிருந்தாள். பெட்டியை வெறுமனே அனுப்பக்கூடாது என்று, மேலே சொந்தத் தறியில் நெய்த பெட்ஷீட் ஒன்றை மடித்து வைத்திருந்தாள். அந்த மரியாதைதான் என்னை அதிகமாகச் சுட்டது. தங்கைக்குத் தன் காது சங்கதி தெரிந்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டிருப்பாள் என்று எனக்குப் புரிந்தது. யார் என்ன கொடுத்தாலும் அவள் வாங்கமாட்டாள். வாங்கினால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

ஐப்பசி போய்க் கார்த்திகை பிறந்தது. கல்யாணப் பத்திரிகை அடித்து வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகன் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். எழுந்து போய்ப் பார்த்தவன் சிரித்துக்கொண்டே வந்தான். பேசுவதை எழுத்தாக ஓட்டுகிற வசதி அவன் போனிலும் வந்துவிட்டதாம்.

"ஏனுங்க, எங்காளு கண்டுபிடிச்சதை உங்காளு அப்படியே எடுத்துப்போட்டானா? வெக்கமா இல்லீங்களா?" என்றாள் மருமகள்.

"போன வருசம் நீங்க எங்ககிட்ட இருந்து எடுத்ததைச் சொல்லட்டுமா? சோறு ஆறிப்போயிரும்" என்றான் அவன்.

நான் பாதிச் சோற்றில் கையை வைத்துக்கொண்டு, உங்க பெரியம்மா போனிலும் வருமா என்று கேட்டேன். அந்தக் கம்பெனி போன் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் வரும், இந்நேரம் வந்திருக்கும் என்றான்.

இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு ஒரு ஆள் வரவில்லை. ஒரு திருகாணியைக் கழற்றவில்லை. கிரைண்டருக்கு ஒரு போல்ட் கூடுதலாகப் போடவேண்டும் என்றால், விற்ற வீட்டுக்கெல்லாம் மெக்கானிக் போய்த்தான் ஆகவேண்டும். இது சுவரில் சொருகி வைத்த இடத்திலேயே வந்து இறங்கியிருக்கிறது. எங்கேயோ கண் காணாத தேசத்தில் ஒருவன் இன்னொருவன் வேலையைப் பார்த்துப் பொறாமைப்பட்டான். அந்தப் பொறாமை கடல் தாண்டி வந்து, சென்னிமலையில் தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு காது கேளாத பொம்பளையின் மடியில் உட்கார்ந்திருக்கிறது. அதை யாரும் கொடுக்கவில்லை. அதனால் அவள் யாரிடமும் வாங்கவில்லை. கோயிலில் திரை விலகும்போது கை தானாகக் கும்பிடப் போகுமே, அந்த மாதிரி என் கை எச்சிலோடு எழுந்துவிட்டது.

அன்றைக்கே அக்காவின் மருமகளுக்குச் சேதி சொன்னேன். வீட்டில் எல்லோர் போனிலும் புதிதாக வந்திருக்கிறது, டிவி பேசினாலும் போனில் பேசினாலும் எழுத்து ஓடுகிறது, வேடிக்கையாக இருக்கிறது என்று சும்மா காட்டுகிற மாதிரி மாமியாருக்குக் காட்டிவிடச் சொன்னேன். அவள் கெட்டிக்காரி. செவ்வாய்க்கிழமை அவளே கூப்பிட்டு, அத்தை போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு டிவி பேசுவதைப் படித்துக்கொண்டு இருக்கிறார்கள், அறைக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள் என்றாள்.

புதன்கிழமை காலையில் குளித்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, அக்காவைக் கூப்பிட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுத்தாள். மூச்சு மட்டும் கேட்டது.

நான் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தேன். "அக்கா, நான்தானுங்க. புது வீட்டுக்குப் பால் காய்ச்சினபோது உங்களை நேரில் வந்து அழைக்காதது என் தப்பு. நான் வந்திருக்கவேண்டும். என்னை மன்னிச்சிருங்க."

எதிர்ப் பக்கம் ஒன்றும் இல்லை. முன்னால் என்றால் உடனே "செரி செரி" வந்திருக்கும். அது வரவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல மௌனத்தை நான் கேட்டதில்லை. என் வார்த்தை அங்கே எழுத்தாகிக்கொண்டு இருக்கிறது, அவள் கண் அதன் மேல் நடந்துகொண்டு இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. நான் அசையாமல் காத்திருந்தேன்.

"கால் இப்ப எப்படி இருக்குது?" என்றாள்.

அப்படியானால் கால் சங்கதி யாரோ சொல்லி இருக்கிறார்கள், அவளும் இத்தனை நாள் வைத்துக்கொண்டு கேட்காமல் இருந்திருக்கிறாள். தேவலை என்றேன். பேத்திக்குத் தை மாசம் கல்யாணம், வருகிற வெள்ளிக்கிழமை நான் வந்து அழைக்கிறேன், வீட்டில் இருக்கவேண்டும் என்று சொன்னேன். சொல்லி முடிக்க எனக்கே பொறுமை போகும் அளவுக்கு நேரம் எடுத்தது. மறுபடியும் அந்த மௌனம். பிறகு அக்கா தொண்டையைச் செருமினாள்.

"ஏம்புள்ள, முன்னெல்லாம் பேச ஆரம்பிச்சா மூச்சு உடமாட்டே. இப்ப என்ன இப்படி இழுத்து இழுத்துப் பேசறே? வயசாயிருச்சா?"

நான் யாரிடமும் அப்படி ஒரு பேச்சு வாங்கிக்கொண்டு சும்மா இருந்தவள் இல்லை. வாய் வரைக்கும் பதில் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"ஆமாங்க்கா" என்றேன், இன்னும் நிதானமாக. "வயசாயிருச்சு."

கொஞ்ச நேரம் கழித்து அவள் சிரிப்புச் சத்தம் வந்தது.

"செரி, வெள்ளிக்கிழமை வா. வெயிலுக்கு முந்தி வந்துரு."