வெள்ளைக்காரன் நாயனம்

பள்ளிக்கூடத்தில் எனக்கு மார்க் போட்டு மாஸ்டருக்குக் கை வலித்தது என்று சொல்ல முடியாது. முட்டை போட எவ்வளவு நேரமாகும்? மூன்றாம் வகுப்போடு அவரும் என்னை விட்டார், நானும் அவரை விட்டேன். ஆனால் மார்க் என்கிற சங்கதி மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. எனக்குக் கிடைக்காததை நான் தாராளமாகப் போட ஆரம்பித்தேன். மனிதர்களுக்கு இல்லை, பாட்டுத் தட்டுகளுக்கு.

தட்டுகள் மாமாவுடையவை. மாமா, அம்மாவின் தம்பி. எங்களோடு தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில் இருந்துகொண்டு பெரிய துரை பங்களாவின் குசினியில் சமையல் வேலை பார்த்தார். வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகச் சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் பெரிய துரையும் கிளம்பினார். நாயை ஒரு வீட்டுக்கும் குதிரையை ஒரு வீட்டுக்கும் கொடுத்தவர், கைப்பிடியைச் சுற்றினால் பாடும் கிராமபோனையும் ஒரு பலகைப் பெட்டி நிறையத் தட்டுகளையும் மாமாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பன்னிரண்டடி அறைக்குள் நாங்கள் ஐந்து பேர், கோழி, விறகு எல்லாம் கொஞ்சம் நகர்ந்து அதற்கும் இடம் விட்டோம்.

கைப்பிடி சுற்றுவது என் வேலை. சுற்றுகிறவனுக்கே கருத்துச் சொல்ல உரிமை என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். தட்டின் நடுவில் எழுதியிருந்ததை வாசிக்க வராது. எனக்குத் தமிழே தகராறு, அதிலே இருந்தது இங்கிலீஷ். ஓரத்துக் கீறலைத் தடவிப் பார்த்துத்தான் எது எது என்று சொல்லுவேன்.

வெள்ளைக்காரி ஒருத்தி பாடிய தட்டு இருந்தது. எதிர்மலையில் கொழுந்து எடுக்கும் அக்காவைச் சோற்றுக்குக் கூப்பிடுகிற மாதிரி ஆரம்பிப்பாள். அக்கா வரமாட்டாள் போல. கூப்பிடக் கூப்பிடக் குரல் மேலே மேலே போகும். விளக்குச் சிமிலி வெடித்துவிடும் என்று அம்மா அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். குரலுக்கு எட்டு மார்க் போட்டு, பயமுறுத்தியதற்கு நாலு கழித்தேன். மிச்சம் ஐந்து. கணக்கிலும் எனக்கு முட்டைதான்.

துரைமார் கிளப்பில் ஆடுகிற டான்ஸ் தட்டில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் ஊதுவார்கள், அடிப்பார்கள், ஆனாலும் சண்டை வராது. எங்கள் பீலியில் தண்ணீர் பிடிக்க நாலு பேர் சேர்ந்தாலே குடம் பறக்கும். அந்த ஒற்றுமைக்காகவே ஏழு கொடுத்தேன். அட்டன் பஸாரில் நானா கடையில் மாமா வாங்கி வந்த வித்துவான் தட்டு வேறு மாதிரி. வித்துவான் ஒரு வார்த்தையைச் சொல்ல வாயெடுப்பார், பிறகு சொல்லலாமா வேண்டாமா என்று தட்டு முடியும்வரை யோசிப்பார். இரண்டுதான் போட்டேன். அடைமழை ஒன்றில் வேறு வேலையில்லாமல் நாள் முழுக்க அதையே கேட்டதில், அந்த யோசனையே எனக்குப் பிடித்துப்போய் ஏழாக்கிவிட்டேன். சினிமாப் பாட்டுக்கு மார்க் போட மாமா என்னை விடவில்லை. "அதெல்லாம் நேத்து வந்து நாளைக்குப் போறதுடா" என்பார். ஆனால் கோழிக்கு இரை போடும்போது அவர் முனகியது அதைத்தான். சிங்கள பைலாத் தட்டுக்குக் காது தேவையில்லை, கால் போதும். கிராமத்திலிருந்து பலாக்காய் கொண்டுவரும் சிங்கள ஐயா, தலைச்சுமையை இறக்காமலே அதற்கு ஒரு சுற்று ஆடிவிட்டுத்தான் விலை சொல்லுவார்.

பத்துக்குப் பத்து வாங்கியது ஒன்றே ஒன்று. அது முதலில் ஒரு முறை பெருமூச்சு விடும். பிறகு அடியில் ஒரே சுருதி ம்ம்ம் என்று நிற்க, அதன் மேல் ஒரு குழல் மெதுவாக மலையேறும்.

"என்னா மாமா இது, நாயனமா?"

"வெள்ளக்காரன் நாயனம் மாப்புள. தோல்பைய அக்குள்ள இடுக்கி அமுக்கிக்கிட்டே ஊதுவான். பாவாட கட்டியிருப்பான்."

"பொம்பளையா?"

"மீசக்காரன்டா! பெரிய தொர வருசத்துக்கு ஒரு நாளுதான் இதப் போடுவாரு. சப்பாத்தெல்லாம் மினுக்கி, நெஞ்சுல பதக்கம் குத்தி, நின்னுக்கிட்டே கேப்பாரு. கண்ண மூடிக்குவாரு. அவுகளுக்கு அது சாமி பாட்டு."

உட்கார்ந்து பைப் குடித்துக்கொண்டே எல்லாத் தட்டையும் கேட்கிற துரை, எழுந்து நின்று கேட்டாரென்றால் அது சாமி பாட்டாகத்தானே இருக்க வேண்டும்? மாமா ஆராய்ச்சியில் குறை சொல்ல முடியாது.

அந்த வருஷம் சித்திக்குக் கல்யாணம் வந்தது. அம்மாவுக்கும் மாமாவுக்கும் தங்கச்சி. மாப்பிள்ளை லிந்துலைப் பக்கம். இதற்கு முன்னால் இரண்டு இடம் பேசி, ஒன்று பல்லி சொல்லிப் போயிற்று, இன்னொன்று பூனை குறுக்கே வந்து போயிற்று. மூன்றாவதும் கலைந்தால் சித்தியை "ராசியில்லாத புள்ள" என்று முத்திரை குத்திவிடுவார்கள் என்று அம்மா பயந்துகொண்டிருந்தாள். அதற்கேற்ற மாதிரி மாப்பிள்ளைக்கு ஓர் அத்தை இருந்தாள். யாராவது தும்மினால் லாரியையே திருப்பச் சொல்லுகிறவள். அவள் வந்து இறங்கியபோது நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

கல்யாணத்தன்று காலையிலிருந்து மழை. மாப்பிள்ளை வீட்டார் முன்கூட்டியே வந்துவிட்டார்கள். நாயனக்காரர்கள் டிக்கோயாவிலிருந்து வரவேண்டும். வழியில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது என்று நடந்தே வந்த ஒருவன் சொன்னான். முகூர்த்தம் முடியப் போகிறது. எங்கள் தோட்டத்துத் தப்புக்காரரைக் கூப்பிடலாமா என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"என்னாது?" என்றாள் அத்தை. "சாவுக்கும் அடிக்கிற மோளத்தையா எங்க வீட்டுக்கு வர்ற புள்ளைக்கு அடிப்பீங்க? அபசகுனம்! நாயனம் இல்லாட்டி தாலி இல்ல, நாங்க லாரிய எடுக்குறோம்."

மாமாவிடம் ஒரு நல்ல நாயனத் தட்டு இருந்ததுதான். முந்தின மாதம் அம்மா அதன் மேல் கொதிக்கிற கேத்தலை வைத்துவிட்டாள். அது இப்போது சுளகு மாதிரி வளைந்து, மிளகாய் காயப் போடத்தான் உதவியது. சித்தி மணையில் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். கையில் இருந்த வெற்றிலையை மடித்து மடித்து விரித்தாள்.

மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். பத்துக்குப் பத்து வாங்கிய பிள்ளைக்கு ஒரு காலம் வரத்தானே வேண்டும்!

பாட்டுப் பெட்டியை வாசல் இஸ்தோப்பில் வைத்து, உயிரைக் கொடுத்துச் சுற்றினேன். "இது சீமை நாயனம் அத்த. தொரமாரே எந்திரிச்சு நின்னு கேக்குறது" என்றார் மாமா. ஐயர் கையைத் தூக்க, யாரோ "கெட்டி மேளம்" என்று கத்த, மாமா ஊசியை வைத்தார். பெருமூச்சு, சுருதி, பிறகு குழல். பெண்கள் குலவையிட்டார்கள். தாலி ஏறியது.

அத்தை காதைச் சாய்த்துக் கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அழுவுற மாதிரியில்ல இருக்கு?"

"பொண்ண அனுப்புறப்ப பொறந்த வீடு அழுவாதா அத்த?" என்றார் மாமா.

அத்தைக்கு அது பிடித்துவிட்டது. தலையாட்டினாள். நான் எல்லார் முகத்தையும் பார்த்து மனதுக்குள் மார்க் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மேலே ரோட்டில் மோட்டார் சைக்கிள் நின்றது. சீமையிலிருந்து புதிதாக வந்த சின்னத் துரை. இருபத்து நாலு வயது இருக்கும். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி படி இறங்கி வந்தார். கூட்டம் வழிவிட்டது. பாட்டு முடியும்வரை அசையாமல் நின்றார். பாருங்கள், இவரும் எழுந்து நின்றுதான் கேட்கிறார்! முடிந்ததும் மாமா பக்கம் வந்து தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார்.

மாமாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுக்க முட்டை, சூப்பு, சுடுதண்ணீர் சம்பந்தப்பட்டது. ஆனால் துரை கேட்டதில் ஒரு சொல், குசினியில் எலிப்பொறி விழுகிற காலைகளில் துரைசானி கேட்கிற சொல். "டெட்." யார் செத்தது என்று துரை கேட்டிருக்கிறார். அது அவர்கள் ஊரில் பிணத்துக்கு முன்னால் ஊதுகிற பாட்டு. அந்தக் கூட்டத்தில் இது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் துரை, இன்னொருவர் அந்த நொடியில் தெரிந்துகொண்ட மாமா. எனக்குத் தெரிய, எனக்கு மீசை முளைக்க வேண்டியிருந்தது.

மாமா முகம் வடித்த கஞ்சி மாதிரி ஆனதை மட்டும் பார்த்தேன். பிறகு அவர் மணைப் பக்கம் கையைக் காட்டி, துரை காதருகே ஏதோ சொன்னார்.

"தொர என்னா சொல்றாரு?" என்றாள் அத்தை.

"பொண்ணும் மாப்புளயும் தீர்க்காயுசா இருக்கணும்ங்கிறாரு."

"அட! இம்புட்டு மரியாத தெரிஞ்ச புள்ளையா! இன்னொரு வாட்டி போடுங்க, தொர நல்லா கேக்கட்டும்."

"ஊசி தீந்துபோச்சு அத்த."

"இந்தா இருக்கே மாமா, டப்பா நெறைய!" என்று நான் எடுத்து நீட்டினேன். மாமா என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. நான் என்ன கண்டேன்? பாட்டு கேட்கிறவனுக்கு உதவுவது ரசிகன் கடமை என்று சுற்றினேன்.

இரண்டாம் தரமும் அது மலையேறியது. துரை சித்தியைப் பார்த்தார், புதுத் தாலியைப் பார்த்தார், பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற மாமாவைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், லாரி கிளம்பிவிடும். எனக்கு அது தெரியாது.

பாட்டு முடிந்தது. துரை தொப்பியைத் தலையில் வைத்தார். நேராக மணைக்குப் போய் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். காலையில் ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புகிற பெரட்டுக் களத்தில் பழகிய தமிழ் மட்டுமே அவரிடம் இருந்தது. அதையே எடுத்தார்.

"நல்ல வேலை! ரொம்ப நல்ல வேலை! நாளைக்கும் நேரத்துக்கு வரணும்!"

லயம் வெடித்துச் சிரித்தது. மாப்பிள்ளை வெட்கப்பட்டார். சித்திகூட அப்போதுதான் தலை நிமிர்ந்தாள். "பாவம், யாரு பெத்த புள்ளையோ, கல்யாணத்தக் கண்டதும் ஊரு நெனப்பு வந்து கண்ணு கலங்குது" என்று அத்தை அவருக்கு லட்டு எடுத்துக் கொடுத்தாள். சின்னத் துரையின் அண்ணன் யுத்தத்தில் செத்துப்போனவர் என்று மாமா பிறகு பங்களாவில் கேள்விப்பட்டார்.

லாரி சித்தியை ஏற்றிக்கொண்டு போனபின், மாமா அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு லயத்துக் கோடிக்குப் போனார். விரல் ரேகை படக்கூடாது என்று வேட்டித் தும்பால் தட்டைப் பிடிக்கிற மனுஷன், தண்ணீர் ஓடுகிற கான் கல்லில் அதை ஓங்கி அடித்தார். நாலு துண்டானது. நான் அலறிய அலறலில் கோழி விறகுக்குள் பாய்ந்தது.

"ஏன் மாமா? பத்துக்குப் பத்து மாமா அது!"

"ரெண்டாவதா வந்தத மொதல்ல வச்சுக்க மாப்புள."

சின்னத் துரை தட்டைக் கேட்டுவிடுவார் என்ற பேராசையில்தான் மாமா உடைத்தார் என்று தீர்மானித்து, பல நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்ததை அவர் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

அடுத்த வருஷம் சித்திக்குப் பெண் பிள்ளை பிறந்து, பார்க்க லிந்துலைக்குப் போனோம். சேலைத் தொட்டிலை ஆட்டிக்கொண்டே சித்தி முனகிக்கொண்டிருந்தாள். வார்த்தை கிடையாது. அடியில் ஒரு ம்ம்ம், மேலே அந்த மலையேற்றம். "என் கல்யாணப் பாட்டு. இது இல்லாட்டி இவ தூங்க மாட்டா" என்றாள். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட்டாள். வாசலில் செருப்பைக் கழற்றிய மாமா, உள்ளே வரவும் இல்லை, செருப்பைத் திரும்பப் போடவும் இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "சித்தி, மூணாவது எடத்துல ரொம்ப இழுக்கணும். தட்டுல அழுவுற மாதிரி வரும். நீங்க சிரிச்ச மாதிரி முடிக்கிறீங்க, தப்பு."

"பேசாம இருடா" என்றார் மாமா வாசலிலிருந்தே. "அவ பாடுறதுதான் சரி."

இத்தனை தட்டு கேட்ட மனுஷன் பேசுகிற பேச்சா இது? குசினிப் புகையில் மாமாவின் காது கெட்டுப்போய்விட்டது என்று முடிவு செய்து, சித்திக்கு ஆறு மார்க் போட்டேன்.