சித்தி தைத்த இரட்டை வரிசை

சித்தி நாட்றம்பள்ளியிலிருந்து வந்து ஆம்பூரில் எங்களோடு தங்கிய வருடம், என் தலை கிளிப்புகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஷூ தைக்கிற தோலில் குண்டூசி குத்தினால் அந்த ஓட்டை மூடாது. அதனால் இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்க என் கிளிப்புகள்தான். வேறு விதிகளும் இருந்தன. தோலை மடிக்கக் கூடாது, சுருட்டித்தான் வைக்க வேண்டும். நனைந்துவிட்டால் வெயிலில் காயப்போடக் கூடாது. எனக்குத் தலைவாரிவிட்ட எண்ணெய்க் கையோடு அம்மா கிட்டே வரவே கூடாது.

ஷூ கம்பெனியில் சித்திக்குப் பசை தடவும் வேலை. தையல் மிஷினுக்கு மாற வேண்டுமானால் அங்குள்ள பயிற்சிக்கூடத்தில் தேற வேண்டும். அதற்காக எங்கள் வீட்டு மிஷினில், நூல் கோர்க்காத ஊசியால் காகிதத்தில் கோடு பிடித்துத் தைத்துப் பழகினாள். அந்தத் தாள்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் புள்ளி புள்ளியாகப் பூ தெரியும். இப்படி ஒரு கெட்டிக்காரி எங்கள் தெருவிலேயே இல்லை என்று சொல்லித் திரிந்தேன். தாத்தா அப்படி நினைக்கவில்லை. மிஷினில் உட்கார்ந்தால் சரி, இல்லாவிட்டால் ஊருக்கு வந்து மாப்பிள்ளை வீட்டார் முன்னால் உட்கார வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

தேர்வுக்கு ஒரு பர்ஸ் தைத்துக்கொண்டு போக வேண்டும். ஆளுக்கு ஒரு துண்டு ஆட்டுத்தோல்தான். கெட்டால் வேறு கிடையாது. காட்டிவிட்டு வந்ததும் பர்ஸ் எனக்கு என்று சித்தி வாக்குக் கொடுத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, அதன் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தபோது குக்கர் விசில் அடித்தது. திடுக்கிட்டதில் ஊசி கோட்டை விட்டு ஓர் அரிசியளவு உள்ளே இறங்கிவிட்டது.

“பிரிச்சு தைச்சா ஆச்சு. இதுக்கு இன்னா பேஜாரு?” என்றாள் அம்மா.

“நூலைப் பிரிக்கலாம்க்கா. ஓட்டையை இன்னா பண்றது?”

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். சித்தி நகத்தால் அந்த இடத்தைத் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. அந்த ஒரு தையலை மட்டும் உருவிவிட்டு, கோட்டுக்குத் திரும்பி ஓரத்தை முடித்தாள். முடித்தும் எழுந்திருக்கவில்லை. ஓட்டை இருந்த தூரத்திலேயே, உள்பக்கமாக இன்னொரு வரிசை தொடங்கினாள். முதல் வரிசையை விட்டு எங்கே விலகினாலும், எங்கே நெருங்கினாலும் பர்ஸ் முழுசாகப் போய்விடும். மூலை திரும்பி, மெல்ல நடந்து வந்த ஊசி சரியாக அந்த ஓட்டையில் இறங்கி ஏறியது. அதற்குப் பிறகு தப்பு எங்கே இருந்தது என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் சித்தி வெறுங்கையோடு வந்தாள். பர்ஸ் எங்கே என்று கேட்டேன்.

“அவங்களே வெச்சிக்கினாங்கடி” என்று சொல்லிச் சிரித்தாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒருத்தி சிரிக்கிறாள், ஒருத்தி அழுகிறாள், என் பர்ஸைப் பிடுங்கிக்கொண்டவர்களைக் கேட்க ஆளில்லை.

காலணித் தொழில்நுட்பம் படித்துவிட்டு, இப்போது நானும் அப்படிப்பட்ட மாதிரிகளைப் பார்த்துச் சொல்லும் வேலையில் இருக்கிறேன். தேறாததைத் தைத்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவோம். நன்றாக வந்ததை, அடுத்து வருகிறவர்களுக்குக் காட்ட, நாங்களே வைத்துக்கொள்வோம். அன்றைக்கு நான் சாப்பிடாமல் கிடந்து, விடிந்ததும் போய் அதைத் திரும்ப வாங்கி வா என்று சித்தியிடம் அடம்பிடித்தேன்.