பேஸ்மென்ட் ரெண்டின் அழைப்பு

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குச் செய்தி வந்தது. பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஏணிமேல் நின்று இண்டர்காமுக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். யசோதரா அக்காவின் தம்பி பேசினார்.

"அக்கா போய்ட்டாங்க முருகேசு. டீ குடிச்சிகினே இருந்தாங்க, நெஞ்சு வலிக்குதுன்னாங்க. அவ்ளோதான்."

அன்று காலை கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில், நாங்கள் தினமும் வேலைக்குப் போகும் ரயிலில் அவர் ஏறவில்லை. லீவு போலிருக்கிறது என்று நினைத்து, அவர் உட்காரும் இடத்தில் என் பையை வைத்துக்கொண்டு வந்திருந்தேன். அதை நினைத்தால் இன்னும் என்மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

துக்கத்துக்கு வந்த பலரும் "பாவம், ரயில்லயே அலைஞ்சி அலைஞ்சி போயிட்டா" என்றார்கள். அந்தப் 'பாவம்' அவருக்குப் பொருந்தாது. அவர் யாரையும் பரிதாபப்பட விட்டவர் அல்லர். நல்ல சண்டைக்காரர். அப்படித்தான் அவரை நினைக்க வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

அக்கா சாம்பியன் ரீப்ஸில் ஒரு பௌத்தக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா தங்கச் சுரங்கத்தில், ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டான கேஜுக்கு பெல் அடிக்கும் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடியபின் அக்கா பெங்களூரில் இண்டர்காம் பொருத்தும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். தங்கவயலிலேயே ஸ்கெலட்டன் குடியிருப்பிலிருந்து போன நான் அவருக்கு ஒயர் இழுக்கும் ஆள்.

எங்கள் முதல் வேலை பதினான்கு மாடிக் கட்டடம். அக்கா மாடிகளுக்கு நம்பர் கொடுத்தார், நான் லேபிள் ஒட்டினேன். ஒப்படைக்கும் நாளில் முதல் மாடிக்கு வந்த பிரியாணிப் பார்சல் பதினான்காம் மாடிக்குப் போய்ச் சேர்ந்தது. உச்சி மாடிக்கு அக்கா ஒன்று என்று நம்பர் போட்டிருந்தார். சுரங்கத்தில் லெவல்களை மேலிருந்து கீழேதானே எண்ணுவார்கள்? நானும் கோலார் தங்கவயல்காரன்தான், எனக்கும் அதில் தப்பே தெரியவில்லை. முதலாளி கத்தினார். "எங்க ஊர்ல ஒண்ணாம் நம்பரு மேலதான் சார் இருக்கும்" என்று அக்கா அசராமல் சொல்லிவிட்டு, பதினான்கையும் மாற்றி எழுதினார்.

இண்டர்காமில் ஒவ்வொரு பேனலுக்கும் ஒரு நம்பர் உண்டு. ஒருவர் பட்டனை அழுத்தினால் அந்த அழைப்பு எந்தப் பேனலில் ஒலிக்க வேண்டும், அங்கே எடுக்காவிட்டால் எத்தனை விநாடி கழித்து வேறு எந்தப் பேனலுக்குத் திரும்ப வேண்டும் என்பதையெல்லாம் எங்களைப் போன்றவர்கள்தான் எழுதிவைக்கிறோம். நினைத்தால், ஆளே இல்லாத அறைக்கும் ஓர் அழைப்பை அனுப்பலாம். அழுத்தியவர் காதில் மணி அடித்துக்கொண்டேதான் இருக்கும்.

அக்காவிடம் ஒரு வழக்கம் இருந்தது. சுரங்கத்தில் கீழிருந்து எத்தனை பெல் வந்ததோ அத்தனையை மேலே இருப்பவர் திருப்பி அடித்த பிறகுதான் கேஜ் நகரும். "திருப்பி அடிக்காத பெல்ல எங்க நைனா நம்ப மாட்டாரு" என்பார். அதனால் எந்தப் பேனலைச் சோதித்தாலும், எடுப்பவர் அழைப்பு வந்த இடத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும். 'மூணாவது மாடி, கேக்குது' என்று காதில் விழாமல் அக்கா சோதனைத் தாளில் கையெழுத்துப் போட மாட்டார். காவலாளிகளையும் அப்படியே பழக்கியிருந்தார்.

போன வருஷம் ஒரு பெரிய குடியிருப்பில் சண்டை வந்தது. அங்கே இரண்டாம் பேஸ்மென்டில், தண்ணீர்ப் பம்புக்குப் பக்கத்தில், துப்புரவுப் பெண்கள் உடை மாற்றிச் சாப்பிடும் அறை இருக்கிறது. செல்போன் சிக்னல் கிடைக்காத இடம். அங்கிருந்து வரும் அழைப்பு கேட்டிலுள்ள காவலாளியின் பேனலுக்குப் போகும்படி அக்கா எழுதியிருந்தார். அவர்கள் ஓயாமல் கூப்பிடுவதால் விருந்தாளிகள் கேட்டில் காத்திருக்க வேண்டியிருக்கிறது, அதைப் பழைய ஆபீஸ் பேனலுக்கு மாற்றுங்கள் என்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

"அந்தப் பழைய ஆபீஸ்ல யாரு சார் இருக்காங்க?"

"யாரும் இல்லை. பூட்டியிருக்கு. அதுக்குத்தான் சொல்றேன்."

"அப்ப ஒயரையே அறுத்துடுங்க சார். ஆளு கெடையாதுன்னாவது அவங்களுக்குத் தெரியும். நான் கையெழுத்து போடமாட்டேன்."

முதலாளி அக்காவை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டு லேப்டாப்பை என்னிடம் கொடுத்தார். வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்கு. ஐந்து நிமிடத்தில் மாற்றினேன், கையெழுத்தும் போட்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் அக்கா விடமாட்டார்.

மாலை ரயிலில் அவர் திட்டவில்லை. "கீழ போயி அழுத்திப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லக்கா."

"நாளைக்குப் போயி அழுத்து. அங்கயே நில்லு."

மறுநாள் போய் அழுத்தினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, "நேத்து சாயங்காலத்துலேர்ந்து இப்படித்தாண்ணா" என்றார். முன்தினம் பம்பின் ஓரம் ஒருத்தி வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாளாம். அழுத்தி அழுத்திப் பார்த்து, கடைசியில் கார் ஏறும் சரிவு வழியாகத் தூக்கிப் போனார்களாம். அங்கேயே உட்கார்ந்து பழையபடி மாற்றினேன்.

அன்று ரயிலில் முதலாளி போனில் என்னைக் கிழித்தார். அக்கா போனை வாங்கி, "எடுக்கறதுன்னா ரெண்டு பேரையும் வேலைய வுட்டு எடுங்க சார். இன்னா இப்போ?" என்றார். அவர் போனை வைத்துவிட்டார். எங்களை எடுக்கவும் இல்லை. அக்கா அந்தக் கட்டடத்துக்குள் வரக் கூடாது என்று மட்டும் செயலாளர் உத்தரவு போட்டார்.

வெள்ளிக்கிழமை பஞ்சசீலம் சொல்லி அக்காவை அடக்கம் செய்தோம். முதலாளி மாலையோடு வந்திருந்தார். நல்ல மனுஷன் என்றுதான் நினைத்தேன். கிளம்பும்போது என் தோளில் கை வைத்து, "இனிமே அந்தம்மா இல்ல. பேஸ்மென்ட் லைன செயலாளர் கேட்ட மாதிரி போட்டுடு" என்றார். அவர் போட்ட மாலை அப்போது வாடக்கூட இல்லை.

திங்கட்கிழமை அந்தக் கட்டடத்துக்குப் போனேன். லேப்டாப்பைத் திறக்காமல் இரண்டாம் பேஸ்மென்டில் இறங்கிப் பட்டனை அழுத்தினேன். இரண்டாவது மணியில் காவலாளி எடுத்தார்.

"பேஸ்மென்ட் ரெண்டு, கேக்குது. சொல்லுங்க."

வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "யசோதரா அக்கா தவறிட்டாங்க" என்றேன்.

காவலாளி பழக்கப்படி திருப்பிச் சொன்னார்: "யசோதரா அக்கா தவறிட்டாங்க. கேட்டுச்சி."

அங்கேயே நின்று அழுதேன். பிறகு சோதனைத் தாளில் 'மாற்றம் இல்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு முதலாளிக்கு அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை. வரட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

போய் வாருங்கள் அக்கா. இந்த முறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.